மரியாமாவுக்கு நான் எழுதிய பொய்

ஞாயிற்றுக்கிழமை காலை, நோர்வேயின் புருசெத்தில் எங்கள் வீட்டுக் குசினியில் தோசைக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது சுகந்தியின் தொலைபேசி அழைப்பு வந்தது. "அக்கா, மரியாமா போட்டா" என்றாள். "எங்கை, கம்பியாவுக்கோ?" என்று கேட்டேன். வருடத்துக்கு ஒருமுறை தாயைப் பார்க்க அவர் தன் நாட்டுக்குப் போவது வழக்கம். சுகந்தி அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. முதல்நாள் மாலை, ஹவுகன்ஸ்டுவாவில் தன் வீட்டில் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தவர், தலை இடிக்கிறது என்று சொல்லிப் படுத்திருக்கிறார். மூளையில் இரத்தக் கசிவு. வைத்தியசாலைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு ஐம்பத்தொரு வயது.

எங்கள் தமிழ் மண்டபத்தின் ஆண்டு மலரில் தமிழர் அல்லாத ஒருவருக்கு அஞ்சலி வருவது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். உங்களில் பலர் அவரை அறிவீர்கள். எல்லிங்ஸ்ருட்டில் அவர் நடத்திய சமையற்கூடத்திலிருந்து உங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு எடுத்திருப்பீர்கள். உங்களில் சில பெண்களுக்கு இந்த நாட்டில் முதற் சம்பளம் தந்தவர் அவர்தான். அவரைப் பற்றி நல்லதாக எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. எனக்கு அந்த உரிமை குறைவு. நான் அவருக்குச் செய்த ஒன்றை உங்கள் முன் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எதை எழுதினாலும் அது இன்னொரு பொய்யாகவே இருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஏழு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் பெயர் மரியாமா. அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்கள் நாங்கள் அதை மாரியம்மா ஆக்கிவிட்டோம். அது யார் என்று ஒருநாள் கேட்டார். எங்கள் ஊர்த் தெய்வம் என்றேன். உடனே கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, "தெய்வமெண்டால் நான் இருக்கிறன். நீ சட்டியைக் கழுவு" என்றார். நாங்கள் கதைத்தது நோர்வே மொழியில். இருவருக்கும் அது இரவல் மொழி. என் காதில் அது எப்போதும் எங்கள் பேச்சாகவே விழுந்ததால் அப்படியே எழுதுகிறேன்.

மரியாமா பொறுமைசாலி இல்லை. உரத்துப் பேசுவார், வெங்காயத்தைத் தடிப்பாக வெட்டினால் கையிலிருந்து கத்தியைப் பறிப்பார். ஆனால் வேலை தேடி வந்து, மொழி போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "வேலை பழகினால்தான் வேலை தருவினமாம். வேலை தராமல் எப்படிப் பழகுறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருடைய திட்டம் பிறந்தது. ஒரு சமையற்கூடம் தொடங்க வேண்டும். கூட்டங்களுக்கும் பாடசாலைகளுக்கும் மதியச் சாப்பாடு செய்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் சில பெண்கள் அங்கே சம்பளத்தோடு வேலையும் மொழியும் பழகி வெளியே போக வேண்டும். வரும் இலாபம் அடுத்து வரும் பெண்களுக்கே போக வேண்டும்.

தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்துக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்தவர் திட்டத்தைப் புரட்டிவிட்டு, "இதை உங்களுக்கு யார் எழுதித் தந்தது?" என்று கேட்டார். "நான்தான். பிழைகளைப் பார்த்தால் தெரியவில்லையா?" என்றார் மரியாமா. அந்த மனிதர் சிரிக்கவில்லை. துப்புரவு வேலைக்கான பயிற்சி ஒன்று இருப்பதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழர்கள் நல்ல உழைப்பாளிகள் என்றார். அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. பக்கத்தில் என் சிநேகிதி அவமானப்பட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைவிட ஒரு படி மேலே வைக்கப்பட்டதில் குளிர்ந்துபோய் இருந்தேன்.

அவருக்கு வேண்டியது ஓர் இடம். எங்கள் மண்டபத்தில் நல்ல சமையலறை இருந்ததும், கிழமை நாட்களில் அது பூட்டிக் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். நான் அப்போது நிர்வாகக் குழுவில் இருந்தேன். "கேட்டுப் பார். வாடகை தருவோம், சுத்தமாக வைத்திருப்போம்" என்றார். நானும் கேட்டேன். குழுவில் ஒருவர், "ஆர் ஆக்கள்?" என்றார். கம்பியாப் பெண்கள் என்றேன். "காப்பிலியளோ?" என்றார். அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கறுப்பர்களை இழிவாகக் குறிக்க நாம் எல்லாரும் வீட்டில் சொல்லி வளர்ந்த சொல்தான். நானும் சொல்லியிருக்கிறேன். அன்று மேசையைச் சுற்றி இருந்த ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் தேநீரைப் பார்த்தபடி இருந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்று ஏழு வருடம் வேலை செய்த ஒரு மனுஷியை அந்தச் சொல்லால் குறித்தபோது, என் வாயிலிருந்து ஒரு எழுத்துக்கூட வரவில்லை.

"நீங்கள்தானே அவவுக்குப் பழக்கம். ஏலாதெண்டு மனம் நோகாமல் எழுதி விடுங்கோ" என்று தலைவர் பொறுப்பை என்னிடம் தந்தார். நான் எழுதினேன். எங்கள் சமையலறையின் காற்றோட்ட வசதி உணவுச் சோதனைக்காரரால் அனுமதிக்கப்படவில்லை, ஆகவே வெளியாருக்கு வாடகைக்குக் கொடுக்க முடியாமல் மிகவும் வருந்துகிறோம் என்று எழுதினேன். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அதை இரண்டு முறை திருத்தி எழுதியதும், அதன் நோர்வே மொழி பிழையில்லாமல் வந்ததென்று எனக்குள் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

கடிதம் கிடைத்த அடுத்த நாள் மரியாமா ஒரு பெரிய சட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மீனும் மரக்கறியும் சோறும் ஒன்றாக அவிந்த அவர்கள் நாட்டுச் சமையல். "நீ எனக்காகக் கேட்டாய். அது போதும். ஒருத்தரும் எனக்காக ஒரு கூட்டத்திலை வாய் திறந்ததில்லை" என்றார். என் பிள்ளைகள் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மரியாமா விடுகிற ஆள் இல்லை. முன்பு உணவுச் சோதனை வேலையில் இருந்த ஒருவரை அவருக்குத் தெரியும். எங்கள் மண்டபத்தின் காற்றோட்டத்தை எப்படிச் சரிசெய்யலாம் என்று அவரிடம் விசாரித்திருக்கிறார். தனக்குக் கிடைக்காவிட்டாலும் எங்கள் ஆட்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நினைத்தாராம். அந்த மனிதர் விசாரித்துப் பார்த்து, அந்தச் சமையலறைக்கு அனுமதி கிடைத்து வருடக்கணக்காகிறது என்று சொல்லிவிட்டார்.

வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் மரியாமா எனக்காகக் காத்திருந்தார். கையில் என் கடிதம். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இதை ஆர் எழுதினது?"

"கொமிட்டிதான் முடிவெடுத்தது" என்றேன்.

"நீ அந்தக் கொமிட்டியிலை இல்லையோ?"

நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடிந்த பிறகும் குனிந்தே இருந்தேன்.

"இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்" என்றார். "இல்லையெண்டு கேட்டுப் பழகின ஆள் நான். என்னை ஏன் உனக்கு நன்றி சொல்ல வைச்சனீ?"



சில மாதங்களில் அவர் முதியோர் இல்லத்தை விட்டுப் போனார். எல்லிங்ஸ்ருட்டில் ஒரு தேவாலயத்தின் நிலவறைச் சமையலறை அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்த பெண் போதகர் ஒரேயொரு கேள்விதான் கேட்டாராம்: "எப்போது தொடங்குகிறீர்கள்?" நாலு பெண்களோடு தொடங்கினார். சாப்பாட்டைக் கொண்டுபோய் இறக்கும்போது, பொறுப்பாளர் யார் என்று தேடி, கூட வந்த வெள்ளைக்காரத் தொண்டரிடம் கை கொடுப்பவர்கள் இருந்தார்கள். மரியாமா நடுவில் தன் கையை நீட்டி, "சோற்றுக்குப் பொறுப்பு நான். சோறு பிழைத்தால் மட்டும் அவரிடம் போங்கள்" என்பாராம். சாப்பாட்டு ஓடர்கள் கூடின. சோமாலியா, எரித்திரியா, கம்பியாப் பெண்களும், பின்னர் எங்கள் பெண்கள் சிலரும் அங்கே பழகி வெளியே வேலைக்குப் போனார்கள். அவர்களில் இருவர் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை தொடங்கினார்கள். முதல் ஆறு மாதமும் தன் வாடிக்கையாளர்களில் சிலரை அவர்களிடம் அனுப்பி வைத்தார் மரியாமா. இதையெல்லாம் நான் தூரத்திலிருந்து மற்றவர்கள் சொல்லக் கேட்டேன்.

சுகந்தி என் சித்தியின் மகள். திருகோணமலையிலிருந்து கலியாணம் செய்து வந்தவள். இரண்டு வருடம் வேலை தேடி அலைந்தாள். அவளுக்குச் சரியான இடம் எதுவென்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? நான் வாய் திறக்காமல் இருந்தேன். அவளாகவே மொழி வகுப்பில் ஒரு சோமாலியச் சிநேகிதி சொல்லக் கேட்டு அங்கே போய்விட்டாள். அவள் என்னுடைய தங்கை முறை என்று இரண்டாம் கிழமை மரியாமாவுக்குத் தெரியவந்தது. வேலையை விட்டு நிறுத்தவில்லை. "உன்ரை அக்கா நேரே வந்து கேட்டிருக்கலாம் எண்டு சொல்லு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாள் போனேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூன்று வருடமாக மனதில் ஒத்திகை பார்த்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் கை காட்டி நிறுத்தினார்.

"அதை இஞ்சை இறக்கி வைச்சிட்டு இலேசாப் போகப் பாக்கிறியோ? இது சமையல் செய்யிற இடம். நீ எங்கை வாய் மூடி இருந்தியோ, அங்கை போய்ச் சொல்லு. பிறகு வா, தேத்தண்ணி குடிப்பம்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை. அந்த வருடங்களில் ஊரிலிருந்து வந்த போர்ச் செய்திகள் எங்கள் எல்லாரையும் வாட்டின. எங்கள் சனம் சாகும்போது இதைப் போய்க் கிளப்புவதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நல்ல காரணமாகத் தெரிந்தது. அதனாலேயே அதை அவ்வளவு காலம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நாங்கள் ரயிலில் சந்திப்போம், பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம். அவர் ஒருபோதும் மறுபடி கேட்கவில்லை. தேநீருக்கும் அழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த கிழமை குழுக் கூட்டத்துக்குப் போனேன். இப்போது நான் உறுப்பினர் இல்லை; பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சொல்லையும் சொன்னேன். 

"அவதான் இல்லையே. இப்ப ஏன் இதைக் கிளறுறியள்?" என்றார் ஒருவர்.

"எழுதினது நீங்கள்தானே?" என்றார் இன்னொருவர்.

"ஓம், நான்தான்" என்றேன். "கூட்டக் குறிப்பிலை அப்பிடியே எழுதுங்கோ."

செயலாளர், இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், எழுதத் தொடங்கினாள். பாதியில் நிமிர்ந்து, "அன்ரி, அந்தச் சொல்லையும் எழுதவோ?" என்று மெல்லக் கேட்டாள். எழுதச் சொன்னேன்.

பிறகு இன்னொன்றையும் கேட்டேன். அந்தத் தேவாலயக் கட்டடம் திருத்த வேலைக்காக மூடப்படப் போகிறது. மரியாமாவின் மகளும் சுகந்தியும் சேர்ந்து சமையற்கூடத்தைத் தொடர்ந்து நடத்த இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். கிழமை நாட்களில் எங்கள் சமையலறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். மரியாமாவிடம் வேலை பழகிய நீங்களும் அந்தக் கூட்டத்துக்கு வந்து, உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட எழுத்துகளின் முடிவில், மறைந்தவர் எங்களை மன்னித்துவிட்டார் என்று எழுத மனம் வரும். மரியாமா என்னை மன்னிக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வா என்றார், நான் போகவில்லை, அவர் போய்விட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த மன்னிக்காமைதான். எங்கேயாவது ஒரு மேசையைச் சுற்றி இருப்பவர்கள் அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கும்போது, அது என்னை இருக்க விடாமல் எழுப்புகிறது. அதை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.