கச்சாங் பொட்டலத்துக்குள் என் பட்டியல்

1986ஆம் ஆண்டு, ஈப்போ. பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு தனியார் கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள் என்பதால் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய வீட்டுப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பெருமை இருக்கத்தானே செய்யும்?

டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர், கறாரான மனிதர். நோயாளிகளின் அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறோம், எந்தச் சிஸ்டம் வாங்குவது என்று நீர்தான் சொல்ல வேண்டும் என்றார். ‘இயங்குதளம்’ என்ற அழகான சொல்லெல்லாம் அப்போது எங்கள் காதில் விழவில்லை. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை நிரலை நாங்கள் சிஸ்டம் என்றுதான் சொல்வோம். எங்கள் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று டாஸ்: சுலபம், பழகியது, யார் வேண்டுமானாலும் சுவிட்சைப் போட்டு வேலையைத் தொடங்கலாம். மற்றொன்று யூனிக்ஸ். அதில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு ரகசியச் சொல். யார் எதைப் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று ஒவ்வொரு கோப்புக்கும் நாமே வேலி போடலாம்.

எனக்கு யூனிக்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம். அதில் நிரல் எழுதும் சுகம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் அக்காவுக்கு மனம் சரியில்லாமல் போய், சில மாதம் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தாள். நல்லபடியாகக் குணமாகித்தான் வந்தாள். ஆனால், அந்த ஊர்ப் பேருந்தில் அவள் ஏறியதை யாரோ பார்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம். பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. இப்போது நாலு வருடம் கழித்து வேறொரு இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளையிடம் அக்காவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவர் சரி என்றுவிட்டார். தோட்டத்தில் பழைய பேச்சு அடங்கியிருந்தது, அவள் இன்னும் மாத்திரை சாப்பிடுவது மட்டும் அங்கே தெரியக் கூடாது. அவள் மாத்திரை வாங்குவது எங்கள் டாக்டரிடம்தான், அவளுடைய அட்டையும் எங்கள் அலமாரியில்தான்.

டாஸ் விற்க வந்தவர் நன்றாகப் பேசினார். அவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு கடிதத்தை அடித்துச் சேமித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போன நேரத்தில், நான் ஒரே ஒரு கட்டளையைத் தட்டி அந்தக் கடிதத்தைத் திரையில் கொண்டுவந்து டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அடுத்த வாரம் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் சோதனைக்கு வந்தது. கவுண்டரில் மருந்து கொடுப்பவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயரில் உள்ளே போய், டாக்டரின் கோப்பைத் திறக்கப் பார்த்தேன். ‘அனுமதி இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

“என்ட பெயரில போய்த் திறவும் பாப்பம்,” என்றார் டாக்டர். திறந்தேன். “கவுண்டரில இருக்கிறவருக்கு இது தெரியாதோ?” என்று மறுபடி கேட்டார். தெரியாது என்றேன். “அப்ப இதையே எடுப்பம்.”

அடுத்த இரண்டு மாதம் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை. சி மொழியில் நிரல் எழுதினேன், பிழை வந்தால் திட்டினேன், சரியாக ஓடினால் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கவுண்டர் அண்ணன் என்னைப் பார்த்து, “இந்தப் புள்ள பெட்டியோட குடும்பம் நடத்துது லா,” என்று கிண்டல் செய்வார்.

எல்லா அட்டைகளையும் ஏற்றியதும் டாக்டர் சரிபார்ப்பதற்காக முழுப் பட்டியலையும் அச்சடித்தேன். பெயர், தோட்டம், நோய், மருந்து. ஆங்கில எழுத்து வரிசைப்படி எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? பச்சைக் கோடு போட்ட, இரண்டு ஓரமும் துளையிட்ட தொடர்தாள். டாக்டர் ஒரு வாரம் அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கட்டைத் திருப்பித் தந்தார்.

அந்தக் கட்டு என் மேசை ஓரத்தில் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையில் மூழ்கியிருந்தபோது கவுண்டர் அண்ணன் வந்து நின்றார்.

“இது வேணுமா? என் மச்சான் கச்சாங் பூத்தே விக்கிறான்ல, அவனுக்குக் குடுக்கவா? நல்ல கெட்டி பேப்பரு.”

“எடுத்துக்குங்க அண்ணே,” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. பின்பக்கம் வெற்றாக இருக்கும் தாளைக் குப்பையில் போட எங்கள் ஆட்களுக்கு மனம் வருமா? எனக்கும் அது நல்ல காரியமாகவே பட்டது. அந்த நிமிடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நோய் விவரம் இருக்கும் கோப்பைக் கவுண்டர் அண்ணன் பார்க்க முடியாதபடி வேலி போட்டுக்கொண்டிருந்தேன். அவரோ அத்தனை நோயாளிகளின் கதையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. வீட்டுக்குப் போகப் பேருந்து நிலையத்துக்கு வந்தவள், வழக்கம்போல அண்ணனின் மச்சானிடம் ஒரு பொட்டலம் கச்சாங் வாங்கினேன். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் வறுத்துப் பொரித்து எடுத்து வருவார். கடலை, முறுக்குத் துண்டு, காரப் பட்டாணி எல்லாம் கலந்து, கூம்பாகச் சுருட்டிய தாளில் போட்டுக் கொடுப்பார். பேருந்து செமோரைத் தாண்டும்போது பொட்டலம் காலி. தூளைத் தட்டிவிட்டுத் தாளைப் பிரித்தேன்.

பச்சைக் கோடு. ஓரத்தில் துளை. யாப், இயோ, யோங் என்று வரிசையாகச் சீனப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் நோய்.

என் பட்டியலேதான்! சத்தம் போட்டுப் பேருந்தை நிறுத்தி இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பேருந்தில் ஏறி ஈப்போவுக்கே திரும்பினேன். நிலையத்தில் மச்சான் இல்லை. கிளினிக்குக்கு ஓடினேன். கதவைப் பூட்டிக்கொண்டிருந்த கவுண்டர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். தாளைக் காட்டினேன். அவருக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

“அவன் உங்க தோட்டத்துத் திருவிழாவுக்குத்தான் போயிருக்கான்,” என்றார். “கூட்டம் இருக்குற எடமாப் பாத்துப் போவான்.”

எங்கள் தோட்டத்துக்கு! எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் அங்கேதான் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அக்காவின் வருங்கால மாமியாரும் அன்று வருவதாக இருந்தது. “ஏறு மா, வண்டியில போலாம்,” என்று அண்ணன் மோட்டார் சைக்கிளை உதைத்தார். பின்னால் உட்கார்ந்தேன். வழியில் முந்திச் சென்ற ஒவ்வொரு லாரியும் எனக்கு முன்னால் போய்ச் செய்தி சொல்லப் போவதாகத் தோன்றியது. அக்கா, அக்கா என்று மனசு அடித்துக்கொண்டே வந்தது.

கோயில் வாசலில் நல்ல கூட்டம். பார்த்த இடமெல்லாம் கையில் கச்சாங் பொட்டலம். பக்கத்தில் நின்ற பெண்ணின் கையை வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பத்திரிகைத் தாள். அடுத்தவர் கையில் மலாய்ப் பத்திரிகை. அதற்கடுத்தும் பத்திரிகைதான். என் பச்சைக் கோட்டைக் காணோம்.

மச்சான் மரத்தடியில் வியாபாரத்தில் இருந்தார். அண்ணன் மூச்சு வாங்க, “டேய், நேத்துக் குடுத்த கெட்டி பேப்பர் எங்கடா?” என்றார்.

“அது இருக்கு,” என்று அவர் நிதானமாக டின்னுக்கு அடியிலிருந்து கட்டை இழுத்தார். “ஒரு தாளுதான் கிழிச்சேன் மச்சான். நாலு பொட்டலம் வந்துச்சு. அடுத்த தாளப் பாத்தா வேலாயுதம், வேலு, விஜயலெட்சுமி. அதுக்குக் கீழயும் சாமி பேருதான். தின்னுட்டுக் கீழ போட்டு மிதிப்பாங்கல்ல? கோயில் வாசல்ல வேற. அதான் அப்படியே வெச்சிட்டேன். நாளைக்கு ஆத்துல விடலாம்னு.”

சாமி படம் போட்ட நாள்காட்டித் தாளைக்கூட எங்கள் ஆட்கள் காலில் படவிட மாட்டார்கள். அவரும் அப்படித்தான் செய்திருக்கிறார், பெயருக்கு எதிரில் எழுதியிருந்தது என்னவென்றே தெரியாமல். அச்சுத்தாள் மடிந்து விழும்போது கடைசிப் பக்கம் மேலே வரும். கடைசிப் பக்கத்தில் சீனப் பெயர்கள். அதற்கு அடுத்ததிலிருந்து எங்கள் பெயர்கள். அக்காவுக்கும் அம்மன் பெயர்தான். ஒவ்வொரு தாளாகத் தேடினேன். அவளுடைய தாள் கிழியாமல், கசங்காமல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், அம்மனைக் கும்பிட்டேன், மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் ஒன்றும் புரியாமல் எனக்கு இன்னொரு பொட்டலம் நீட்டினார்.

அப்போதுதான் கவுண்டர் அண்ணன் மெதுவாகக் கேட்டார். “அந்தக் கிழிச்ச தாளு?”

நாலு துண்டில் ஒன்று என்னிடம். இரண்டு இன்னும் கச்சாங் போடாமல் சுருட்டியபடி டின்னில் இருந்தன. நாலாவதைப் பேருந்து நிலையத்தில் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள், யாரென்று மச்சானுக்கு நினைவில்லை. துண்டுக்கு ஏழு பெயர் என்பதால் அதிலும் ஏழு பேர். சற்று முன் நான் ‘அம்மா தாயே, தப்பித்தோம்’ என்று கும்பிட்டபோது அந்த ஏழு பேர் என் கணக்கிலேயே வரவில்லை. அவர்களும் யாருக்கோ அக்காதானே? வெட்கமாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “கட்ட எடுத்துட்டுப் போனது நான்தான்,” என்று கவுண்டர் அண்ணனும் பக்கத்தில் வந்து நின்றார். வேலை போய்விடும் என்று நினைத்தேன். டாக்டர் அந்த மூன்று துண்டுகளையும் மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, “ஏழு பேரும் ஆர் எண்டு உம்மட பெட்டி சொல்லும்தானே? நீரே போய் அவையிட்டச் சொல்லும்,” என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

போனேன். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒரு பெண் அழுதாள், நானும் அவளோடு அழுதேன். கடைசியாகப் போன வீட்டில் சர்க்கரை நோய்க்காரச் சீனத்து அம்மா, நான் தட்டுத்தடுமாறி மலாயில் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “கச்சாங் ருசியாக இருந்ததா? நான்தான் தின்னக் கூடாது,” என்று சிரித்தார்.

அந்த வாரமே கிளினிக்கின் பின்புறம் ஒரு மண்ணெண்ணெய் டின் வைத்தேன். அச்சடித்த எந்தத் தாளும் என் கையால் எரிந்து சாம்பலாகாமல் வெளியே போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். அக்காவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிறகு எத்தனையோ இடங்களில் எத்தனையோ சிஸ்டங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டேன், புதிதாக ஒன்றைப் பார்த்தால் இன்றும் அதே குதூகலம்தான். ஆனாலும் எந்தப் பூட்டு நல்ல பூட்டு என்று யாராவது கேட்டால், நான் முதலில் அவர்களுடைய குப்பைக்கூடையைத்தான் எட்டிப் பார்க்கிறேன். எனக்கு அந்த ஏழு பெயர்களும் இன்னும் வரிசை மாறாமல் நினைவிருக்கின்றன.