அப்பா சொன்ன ஆவட்டும்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று விடியற்காலையில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வாடகை வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, நான், தங்கை, கையில் கோடிப் புடவையோடு அம்மாவின் தம்பியான மாமா, சமையல்காரர்கள், தெருவில் பழகியவர்கள் கொஞ்சம் பேர். இல்லாதவர்கள்: அப்பாவின் அண்ணனான பெரியப்பா, அப்பாவின் அக்காவான அத்தை, பங்காளிகள், ஊர்க்காரர்கள். அவர்கள் எல்லோரும் அதே நேரத்தில் குமராட்சியில், பெரியப்பா வீட்டு வாசலில் போட்டிருந்த இன்னொரு பந்தலுக்குள் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்பா இரண்டு இடத்திலும் இல்லை. இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவர் அவர்தான்.

"ஆவட்டும்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஆயுள் முழுக்க ஓட்டிய மனிதர் அவர். குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டினார். மார்க்கெட் வாசலில் யாராவது, "நாளைக்குக் காலையில சிதம்பரத்துக்கு ஒரு லோடு இருக்கு, வர்றியா?" என்று கேட்டால் ஆவட்டும் என்பார். அதே காலையில் நெல்லிக்குப்பத்துக்கு இன்னொருவர் கேட்டாலும் ஆவட்டும்தான். விடிந்தால் இரண்டு பேரும் போன் போட்டுத் திட்டுவார்கள். ஒருவருடைய வெங்காயத்தை இறக்கிவிட்டு, இன்னொருவருடைய வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் வசவு வாங்கிக்கொண்டு, எப்படியோ இரண்டையும் முடித்துவிட்டு மத்தியானம் வந்து சோற்றில் கை வைப்பார்.

"முடியாதுன்னு சொல்லிட்டா என்னப்பா?" என்று கேட்டிருக்கிறேன்.

"மூஞ்சிக்கு நேரா எப்படிடா முடியாதுன்னு சொல்றது?"

இதுதான் எனக்குக் கிடைத்த பாடம். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். இப்போது ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் தேறியதா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆவட்டும் என்று எழுத முடியாது. ஆனால் அந்தச் சொல்லைப் படிக்க நான் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே சொன்னால் காரியம் நடக்கும். துண்டு இருந்த இடத்திலேயே இருந்தால் நடக்காது. பள்ளிக்கூடத்தில் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது துண்டு அசையவில்லை. கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டபோது உதறினார். கடைசித் தேதிக்கு, அதுவும் ஆபீஸ் மூடுகிற நேரத்துக்குப் பணத்தோடு வந்து நின்றார். அதுவரை எனக்கு உயிர் போய் வந்தது எனக்குத்தான் தெரியும்.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் மாறவில்லை. "ஆபரேஷன் செஞ்சா நல்லது, செஞ்சிடலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆவட்டும் சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "சரிங்கிறாரா, வேணாங்கிறாரா?"

தோளில் துண்டே இல்லாத மனிதரை நான் எப்படிப் படிப்பது? நானே சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அது வருவதற்கு முன்பே நிலைமை மோசமாகிவிட்டது.

அதற்கு முன்னால், ஒரு மத்தியானம், அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே அவரிடம் பேசியதை நான் கேட்டேன். சாதாரணமாகத்தான் பேசினாள், வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

"ஒன்னு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. ஏதாச்சும் ஒன்னு ஆச்சின்னா, எனக்குப் பூ வச்சி, வளையல் அடுக்கி, ஒடைக்கிறது கிடைக்கிறதெல்லாம் வேணாம். எங்க அக்காவுக்குப் பண்ணப்ப பார்த்தேன். கண்ணாடி குத்தி ரத்தம் வருது, சுத்தி நின்னு அழுவறாங்களே தவிர ஒருத்தி கைய எடுக்கல. ஒங்க அண்ணங்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"ஆவட்டும்."

"ஆவட்டும் இல்ல. சொல்லுங்க."

"அதான் ஆவட்டுங்கிறேன்ல."

அம்மா என்னிடம் வெளியே வந்து, "சொல்லிடுவாரு" என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. மறுநாள் பெரியப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து நெல் விலை பேசிவிட்டுப் போனார். அப்பா வாயைத் திறக்கவில்லை. "ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். "சாவப்போறேன்னு அண்ணங்கிட்ட எப்படிடா சொல்றது? ஆவட்டும், சொல்லுவம்" என்றார். இரண்டு நாளில் போய்விட்டார். சொல்லாமலே.

பால் தெளித்த அன்றே தொடங்கியது. பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பதினாறு ஊர்லதாண்டா. போன பொங்கலுக்கே பேச்சு வந்தப்ப, நம்ம நல்லது கெட்டதெல்லாம் இந்த வாசல்லதான்னு சொன்னேன். ஒங்கப்பன் ஆவட்டும்னான்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மாமா. "மாப்ள, காரியம் திருப்பாப்புலியூர்லயே. ஆஸ்பத்திரியில வச்சி மச்சாங்கிட்ட கேட்டுட்டேன். அக்காவ அலைக்கழிக்கக் கூடாதுன்னேன். ஆவட்டும்னாரு."

நான் பெரியப்பாவிடம் திரும்பிப் போனேன். "பெரியப்பா, ஆவட்டும்னா சரின்னு அர்த்தம் இல்ல."

"பின்ன என்ன அர்த்தம்?"

"பாக்கலாம்னு அர்த்தம். எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுவாரு."

பெரியப்பாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நாலு எழுத்து படிச்சிட்டு எனக்கே தமிழு சொல்லித் தர்றியா? என் தம்பி ஆவட்டும்னா சரின்னுதாண்டா அர்த்தம். அவன் வார்த்த வார்த்ததான்." பக்கத்தில் நின்ற பங்காளிகள் தலையாட்டினார்கள். அப்பா வார்த்தை மாறாதவர் என்று அன்று ஒரு கூட்டமே சாட்சி சொன்னது. மார்க்கெட்டில் அவருக்காகக் காத்திருந்து வெங்காயம் முளைத்துப்போன வியாபாரிகளைக் கூப்பிட்டு வந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

சரி, நானாவது தெளிவாகப் பேசுவோம் என்று அடுத்த வாரம் குமராட்சிக்குப் போனேன். சிதம்பரத்தில் மினி பஸ் பிடித்து, சொல்ல வேண்டிய இரண்டையும் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். ஒன்று, காரியம் கடலூரில். இரண்டு, அம்மாவுக்கு எந்தச் சடங்கும் கிடையாது. பெரியப்பா எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தார். மொட்டையடித்த என் தலையையே பார்த்தார். "எனக்குச் சின்னவண்டா அவன். நான் போய் அவன் எனக்குச் செஞ்சிருக்கணும். கடைசிச் சோத்தையாச்சும் இந்த வாசல்ல போடறேன், விடுடா" என்று சொல்லி, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் வாயிலிருந்து, "ஆவட்டும் பெரியப்பா" என்று வந்தது.

வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. இரண்டாவது விஷயத்தை எடுக்கவே இல்லை. திரும்புகிற பஸ்ஸில் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். பதினேழு வருஷம் படித்து என்ன பிரயோஜனம்?

வீட்டில் அம்மா, "சொல்லிட்டியா?" என்றாள்.

"ஆவட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன்மா."

அப்பா போன பிறகு அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "அப்பனேதான்." பிறகு சொன்னாள், "ஒங்க மாமன் வந்திருந்தான். இங்க சாமியானாவுக்குச் சொல்லிடட்டுமான்னான். நானும் ஆவட்டும்னுட்டேன்."

"அம்மா! ரெண்டு எடத்துல எப்படிம்மா நடக்கும்?"

"எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போனில் சரிசெய்யப் பார்த்தேன். "ஒங்க பெரியப்பா எங்க போயிடப்போறாரு, அன்னைக்கி இங்க வந்து நிப்பாரு பாரு" என்றார் மாமா. "ஒங்க மாமன் மொரண்டு புடிக்கிறானா? புடிக்கட்டும். கோடி போடறவன் வந்துதான ஆவணும்" என்றார் பெரியப்பா. இருவரும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள், இரண்டும் என்னிடம் வாங்கிய பணம்.

நடுவில் அப்பாவின் போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது. "லோடு ரெடியா இருக்கு, வர்றேன்னாரே?" என்றது ஒரு குரல். அவர் இறந்துவிட்டார் என்றேன்.  "ஐயையோ. அப்ப அந்த லோடு?" என்றது அந்தக் குரல். நான் சிரிப்பதா, போனைச் சுவரில் அடிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

இப்படித்தான் அந்த விடியற்காலை வந்தது. எங்கள் ஆட்களின் வழக்கப்படி, பெண்கள் செய்கிற அந்தச் சடங்கு பொழுது விடிவதற்குள் முடிந்துவிட வேண்டும். வளையலை அடுக்கி உடைக்க வேண்டியவர் அத்தை. முடிந்ததும் கோடிப் புடவை போர்த்த வேண்டியவர் மாமா. அத்தையும் வளையலும் குமராட்சியில். மாமாவும் புடவையும் அம்மாவும் திருப்பாதிரிப்புலியூரில். நடுவில் அறுபது கிலோமீட்டர்.

அத்தை போனில் கத்தினார். "எங்கடா கௌம்பிட்டீங்களா? பங்காளி வீட்டுப் பொம்பளைங்கள எல்லாம் ஒக்கார வச்சிக்கிட்டு நான் இங்க காத்துக் கெடக்கேன். நேரம் போவுது!"

"நீங்க இங்க வாங்க அத்த."

"எல்லாம் சேர்ந்து வெளையாடறீங்களா?"

மாமா போனைப் பிடுங்கி அவர் பங்குக்குக் கத்தினார். அந்தப் பக்கம் பெரியப்பா பிடுங்கியிருக்க வேண்டும், குரல் மாறியது. யார் விட்டுக்கொடுத்தது, யார் மதிக்கவில்லை, யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்குப் பந்தியில் இடம் கிடைக்கவில்லை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். எதிர்வீட்டு மாடியில் வெயில் விழுந்தது. போனுக்குள் அத்தை யாரிடமோ சொல்வது கேட்டது: "விடிஞ்சிடுச்சே. இனிமே எங்க?"

அம்மா உள் அறையிலிருந்து வெளியே வந்தாள். தாலியை அவளே கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். கையில் எப்போதும் போடுகிற கண்ணாடி வளையல்கள் அப்படியே இருந்தன. எங்கள் இருவரையும் பார்த்து, "டீ போடட்டா?" என்றாள். மாமா கோடிப் புடவையை நாற்காலியில் வைத்துவிட்டு, "போடுக்கா" என்றார்.

கெடிலம் ஆற்றங்கரையில் நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வருவதற்குள் பெரியப்பாவிடமிருந்து மறுபடி போன். "சோறு வடிச்சாச்சு. ஊரே ஒக்காந்திருக்கு. கொள்ளி வச்சவன் வராம எலைய போட முடியுமா? நீ வர்றியா, இல்ல எல்லாத்தயும் வாய்க்கால்ல கொட்டட்டா?"

இங்கே ஒரு பந்தி முடிந்ததும் அப்பாவின் குட்டி யானையை எடுத்தேன். மாமா, தங்கை, மிஞ்சிப்போன சாம்பார் அண்டா எல்லாம் பின்னால். அம்மா முன் சீட்டில். ஒரே நாளில் இரண்டு பார்ட்டிக்கு ஒப்புக்கொண்டு, வழியெல்லாம் வசவு வாங்கிக்கொண்டு அந்த வண்டி போவது அதற்குப் புதிதில்லை. புதுச்சத்திரம் தாண்டும்போது எனக்கு அழுகை வந்தது. அது துக்கமா ஆத்திரமா என்று கேட்டால் இரண்டும் என்பேன், ஆனால் ஆத்திரம்தான் ஜாஸ்தி. மூன்று பேரிடம் மூன்று வார்த்தை தெளிவாகச் சொல்லியிருந்தால் போதுமே அப்பா. எத்தனை தடவை கேட்டேன்.

குமராட்சியில் அம்மா வண்டியிலிருந்து இறங்கக் கம்பியைப் பிடித்தபோது வளையல் சத்தம் கேட்டது.  அத்தை வாயில் கை வைத்தார். பெரியப்பா அந்தக் கைகளையே பார்த்தார்.

"என்னம்மா இது?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குரலை ஏற்றவில்லை. "எனக்கு அதெல்லாம் வேணாம்னு அவருகிட்ட ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டேங்க. ஆவட்டும்னாரு."

பெரியப்பா என்னைப் பார்த்தார். ஆவட்டும் என்றால் சரி என்று அர்த்தமில்லை என எனக்குச் சொல்லத் தெரியும், அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. பங்காளிகள் சுற்றி நின்றார்கள், அன்றைக்குத் தலையாட்டிய அதே ஆட்கள்.

"அவன் சொன்னானா?"

"நானும் பக்கத்துல இருந்தேன் பெரியப்பா" என்றேன்.

 அவர் திரும்பி, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அதான் என் தம்பியே சொல்லிட்டான்ல, அப்புறம் என்ன வேடிக்க? எலைய போடுங்கடா!" என்றார்.

அன்று நான் இரண்டாவது முறை சாப்பிட்டேன். பெரியப்பாவே பக்கத்தில் நின்று பரிமாறினார். போதும் என்று அவர் மூஞ்சிக்கு நேராகச் சொல்ல முடியவில்லை.

கணக்கைப் பெரியப்பாவிடமும் மாமாவிடமும் தனித்தனியாகக் காட்டி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். பெரியப்பா ஆவட்டும் என்றார். மாமாவும் ஆவட்டும் என்றார். இருவர் தோளிலும் துண்டு அசையவில்லை. இரண்டு பந்தல், இரண்டு சமையல், போகவர டீசல் எல்லாம் சேர்த்து எங்கள் கையை விட்டுப் போனது தொண்ணூற்றேழாயிரத்து அறுநூறு ரூபாய்.