அரக்கு மாமாவின் கறுப்பு பீர்

உள்ளறையில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாட்டில் மூடி திறக்கும் சத்தம்!

அரக்கு மாமா நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். மனைவி எதிரே நிற்கிறாள். மகள் ஜன்னலோரம் நிற்கிறாள். அவளைப் பெண் கேட்டு வந்திருக்கும் வேன் டிரைவர், கையில் கண்ணாடித் தம்ளரோடு கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் வேறு யாரும் இல்லை. உள்ளறை பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி மாமாவின் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது.

அப்படியானால் உள்ளே யார்?

"யாரைக் கூட்டிட்டு வந்திருக்கே?" என்றார் டிரைவரிடம்.

"தனியாத்தான் சார் வந்தேன்."

"தனியா வந்தவன் எதுக்கு வந்ததுலேருந்து அந்தக் கதவையே பார்த்துட்டிருக்கே?"

"கதவை இல்ல சார்..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். கதவுக்குப் பக்கத்து ஜன்னலில்தான் மகள் நின்றிருந்தாள். அவள் முகம் சிவந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்கு மட்டும் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

சந்தேகப் பிராணி என்று அவரை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். தெரு அப்படித்தான் ஒதுக்கியது. ஆனால் அந்த மனிதரும் ஒரு காலத்தில் வாசல் கதவைத் திறந்து போட்டுத் தூங்கியவர்தான். சலவை ஆலையில் கொதிகலன் பார்த்த நாட்களில் அவருக்கு உயிர்த் தோழன் ஒருவன் இருந்தான். இருவரும் சேர்ந்து வறுத்த பார்லியில் கறுப்பு பீர் காய்ச்சி, அதில் பிளம்ஸ் பழத்தை வேகவைத்துப் போட்டு ஊற விட்டார்கள். குடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நாளில் அந்தத் தோழன் தனியாகப் போய், அதே பீருக்குத் தன் படத்தை ஒட்டி விற்கத் தொடங்கினான். இன்று பெரிய சாலையில் புகைபோக்கி வைத்த ஆலை அவனுடையது.

அன்றிலிருந்துதான் மாமா அரக்கைக் கையில் எடுத்தார். பாட்டில் மூடிகளுக்குச் சிவப்பு அரக்கு உருக்கி, தன் கட்டைவிரலை அழுத்தி முத்திரை வைத்தார். பிறகு சர்க்கரை டப்பாவுக்கு. பிறகு ஊறுகாய் ஜாடிக்கு. "என் வாய்க்கு அரக்கு வைக்காம விட்டிருக்காரு, அந்த மட்டும் சந்தோஷம்" என்பாள் மனைவி.

மகளுக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை. அவள் மனம் வைத்தது அந்தத் துரோகியின் ஆலையில் வேன் ஓட்டுபவன் மேல்!

"அவரை ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கப்பா. நீங்க வேணாம்னா நான் கேட்டுக்கறேன். ஆனா காரணம் சொல்லணும். சந்தேகமா இருக்குங்கறது காரணம் இல்ல" என்று சொல்லிவிட்டாள். அடம் பிடித்துச் சொல்லவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அதுதான் தகப்பன் நெஞ்சைத் தைத்தது.

பெண்ணை அழ வைக்க அவருக்கு மனமில்லை. சரி என்றார். ஆனால் வருகிறவன் பெண்ணைப் பார்க்க வருகிறானா, பீரைப் பார்க்க வருகிறானா? தோழன் திருடிப் போன பிறகு மாமா புதிதாக ஒன்று கண்டுபிடித்திருந்தார். பழத்தை வேகவைக்காமல், இரண்டாகப் பிளந்து, இரும்புச் சட்டியில் தோல் கருகும் வரை வாட்டிப் பீப்பாயில் போடுவார். அந்த வீட்டார் மூவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாத விஷயம். ஆகவே இன்று விருந்தாளிக்கு அவர் கொடுத்தது தன் பீரே அல்ல. கடையில் வாங்கிய வெளிர் பீர். அதைத் தன் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார். டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சார், இது எங்க கம்பெனி சரக்கு. முனைக் கடையில நான்தான் இறக்கினேன்" என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, அப்போதுதான் அந்த 'டப்'.

இப்போது இன்னொரு 'டப்'. கூடவே கண்ணாடி சிதறும் ஓசை.

மாமா ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே ஆள் இல்லை. அலமாரியின் மேல் தட்டில் இரண்டு பாட்டில்கள் உடைந்து கிடந்தன. கறுப்பு நுரை பலகை பலகையாக வழிந்து, தரையில் சிவப்பு அரக்குத் துண்டுகளை மிதக்கவிட்டிருந்தது. அவர் பார்க்கும்போதே மூன்றாவது வெடித்தது. கண்ணாடிச் சில்லு ஒன்று அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

"பாட்டில் எல்லாம் உன் வேன்லதானே வந்துச்சு!" அவர் திரும்பிக் கத்தினார். "போன மாசம் காலி பாட்டிலைக் கொண்டு வந்து நல்லவன் மாதிரி வாசல்ல இறக்கி வெச்சுட்டுப் போனியே! உள்ளே என்னத்தைத் தடவிக் கொண்டு வந்தே? உன் முதலாளி என்ன கொடுத்து அனுப்பினான்?"

டிரைவர் உள்ளறை வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டான். முகம் வெளுத்துப் போயிற்று. "சார், சத்தியமா..."

"அவனை எதுக்குத் திட்டறீங்க?" மனைவி குறுக்கே வந்தாள். "அவன் கொண்டு வந்த பாட்டிலை அப்படியேவா வெச்சீங்க? அவன் மேல சந்தேகம்னு ஒவ்வொண்ணையும் சலவைச் சோடா போட்டுக் கழுவி, அப்புறம் வெந்நீர்ல கொதிக்க வெச்சு, அப்புறமும் முகர்ந்து பார்த்து... என் சமையலறை அடுப்பு அன்னைக்கெல்லாம் ஓயவே இல்லையே! அதுல அவன் தடவினது எங்கேங்க தங்கும்?"

அவருடைய சந்தேகமே அந்தப் பையனுக்குச் சாட்சியாக வந்து நின்றது.

"அப்பா," என்றாள் மகள். கண்ணில் நீர் முட்டியது. "பீப்பாய் இன்னும் அடங்கலைன்னு நான் சொன்னேனா இல்லையா? காதை வெச்சுக் கேட்டேன். பழம் உள்ளே பேசிட்டிருந்துச்சு. கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். பீப்பாய்க்குக் குழாய் உண்டு. வந்தவன் ஒரு சொட்டுப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அரக்கு வைத்த பாட்டிலில் அது நடக்காது. அதனால்தான் விருந்தாளி வரும் நாளுக்கு முன்பே, பழம் நொதித்து முடிக்கும் முன்பே, அவசர அவசரமாக அடைத்து முத்திரையும் வைத்தார். பழம் போட்ட பீரை அவசரப்படுத்தாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்! உள்ளே அடைபட்ட காற்று இப்போது வழி கேட்கிறது.

நான்காவது பாட்டில் போயிற்று.

"மூடியைத் தளர்த்தினா மீதியாவது பிழைக்கும்," என்றான் டிரைவர். "ஒரு ஆளால ஆகாது. ஒருத்தர் ஈரக் கோணியைப் போட்டுப் பிடிக்கணும், ஒருத்தர் திறக்கணும். நீங்க சொன்னா உள்ளே வர்றேன். சொல்லலேன்னா வர மாட்டேன், மாமா."

மாமா! அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததா என்று மகள் பார்த்தாள். விழுந்தது. அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷமாக ஒருவனும் கால் வைக்காத அறை. அந்நியன் கையால் ஒரு முத்திரையும் உடையாத அலமாரி. ஒரு பக்கம் ஒரு பருவத்தின் உழைப்பு நுரையாகப் போகிறது. இன்னொரு பக்கம் பெற்ற மகள், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"வந்து தொலை," என்றார். "கண்ணை மூடிட்டு வர முடியுமா?"

"மூடிட்டு வந்தா பாட்டிலை எப்படி மாமா பிடிக்கறது?"

"சரி, சரி. பாட்டிலை மட்டும் பாரு."

மாமா ஈரக் கோணிக்கு அடியில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் கத்தியால் அரக்கைச் சுரண்டினான். மூடியை மெல்ல நெம்பினான். ஒவ்வொன்றும் பெருமூச்சு விட்டுப் பொங்கியது. அம்மா வாளியை நீட்டினாள். மகள் வாளியைப் பீப்பாய்க்குத் திரும்பச் சுமந்தாள். இருவரின் நான்கு கைகளும் ஒரே பாட்டிலில் பதிந்தபோது, அரக்கில் இருந்த மாமாவின் கட்டைவிரல் ரேகை டிரைவரின் விரலடியில் நொறுங்கியது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லாம் அடங்கியபோது வாளியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மாமா அதை ஒரு தம்ளரில் மொண்டு டிரைவரிடம் நீட்டினார். இரண்டாம் சோதனை! "பழத்தை நான் என்ன பண்ணிப் போட்டிருக்கேன்? சொல்லு பார்ப்போம்."

சரியாகச் சொன்னால் மகள் உளறிவிட்டாள் என்று அர்த்தம். தப்பாகச் சொன்னால் நாக்கில்லாதவன். எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்வான்.

டிரைவர் குடித்தான். முதலில் வறுத்த பார்லியின் கசப்பு. அதன் பின்னால் கருகிய தோலின் புகை. கடைசியில், தாமதமாக, பழத்தின் புளிப்பும் இனிப்பும் தொண்டையில் இறங்கிச் சூடாகப் பரவியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"கேக்காதீங்க மாமா," என்றான். "தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். தெரியலேன்னாலும் சொல்ல மாட்டேன். நாளைக்கு முதலாளி என்னை நிக்க வெச்சுக் கேப்பாரு. இந்த வாயால உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிட்டா, அங்கேயும் தானா வந்துடும்."

மாமா மனைவி பக்கம் சாய்ந்து, "பதில் ரொம்ப நல்லா இருக்கு. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்று முணுமுணுத்தார்.

"ஆமா, எங்கப்பா சொல்லிக் கொடுத்தாரு. போங்க அந்தப் பக்கம்!"

டிரைவர் விடைபெற்றான். மகளைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். முடிவு என்ன என்று கேட்க வாய் வரவில்லை. வாசலில் இறங்கப் போனான்.

"நில்லு!"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். மாமா விரைந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார். மார்பிலிருந்து இடுப்பு வரை கறுப்பு பீரில் ஊறிக் கிடந்தது.

"இதோடவா பெரிய சாலைக்குப் போவே? பிழிஞ்சா ஒரு தம்ளர் வருமே! உன் முதலாளி மூக்கு எனக்குத் தெரியாதா? கழட்டு."

"மாமா... வெறும் உடம்போட எப்படி...?"

மாமா உள்ளே போனார். தன் சட்டை ஒன்றோடு திரும்பினார். கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை. மனைவி மூச்சை இழுத்துக்கொண்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

சட்டைக் கை அவனுக்குக் குட்டையாக இருந்தது. வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று நின்றது. "துவைச்சுத் திருப்பிக் கொண்டு வரணும்," என்றார் மாமா கறாராக. "நீயே கொண்டு வரணும். வேற யார்கிட்டயும் கொடுத்து அனுப்பக் கூடாது. அதுக்குள்ளே பீப்பாய் அடங்கிடும்."

"வர்றேன் மாமா."

அவன் படியிறங்கி வேனை நோக்கி நடந்தான். திரும்பி உள்ளறைப் பக்கம் பார்க்கிறானா என்று மாமா கவனித்தார். பார்க்கவில்லை, ஜன்னலைத்தான் பார்த்தான். மாமா நனைந்த சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவைச் சாத்தினார்.