விளக்குக்காக மட்டமாக்கிய படிகள்

அன்று காலை முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போய், மூலையில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் இரவெல்லாம் மழை. துடைப்பத்தைச் சாத்தும்போது கைபேசி அடித்தது. எங்கள் கட்டட ஆலோசனை அலுவலகத்தின் மூத்த பொறியாளர் ஜமீலா அக்கா, விடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

அவரை அறிந்தவர்களுக்குப் பாலக்கரை அரிசி மண்டியின் கதையும் தெரிந்திருக்கும். அதன் முகப்புச் சுவர் இரு பக்கமும் படிப்படியாக ஏறி உச்சியில் சேரும். மழை வழிந்தோட, ஒவ்வொரு படியின் தலையிலும் சுண்ணாம்பில் சரிவு கொடுத்திருந்தார்கள். கார்த்திகைக்கு அகல் வைத்தால் சரிகிறதென்று, மண்டிக்காரர் எல்லாப் படிகளையும் சிமெண்ட் பூசி மட்டமாக்கிவிட்டார். தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கியது, காரை உதிர்ந்தது. உடனே, சுவர் ஆபத்தானது, இடிக்கச் சான்று கொடுங்கள் என்று எங்களிடம் வந்தார். அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டும் ஆசை அவருக்கு முன்பே இருந்தது.

அக்கா ஏணியில் ஏறிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"விளக்கு நிக்குது, சரி. கூடவே தண்ணியும் நிக்குமே, அது தோணலையாண்ணே?"

"பழைய சுவரு மேடம். எப்ப விழுமோ."

"நல்லா இருக்குற ஆளுக்கு ஈரத்துணியைச் சுத்திவிட்டுட்டு, ஜுரம் வந்துருச்சு, புதைச்சிரலாம்ங்கிறீங்க."

மண்டிக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. "ஜமீலாவுக்குப் பிழைக்கத் தெரியாது" என்று எங்கள் அலுவலக முதலாளி அவர் காதுபடவே சொன்னார். "சுவரு பிழைச்சா போதும் சார்" என்று அக்கா தன் வேலையைத் தொடர்ந்தார்.

அக்காவை அடக்கம் செய்ய ஜனாஸா புறப்பட்ட வீட்டு வாசலிலேயே மண்டிக்காரர் என்னைப் பிடித்தார். "நல்ல மனுஷி. இனிமே கையெழுத்து நீங்கதானே மேடம்? திங்கக்கெழமை வரட்டுங்களா?" அக்காவின் மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். வாயைத் திறந்திருந்தால் துக்க வீட்டில் சொல்லக்கூடாத சொல் வந்திருக்கும்.

அலுவலக இரங்கல் கூட்டத்தில் முதலாளி அவரை நேர்மையின் சிகரம் என்றார். கூட்டம் முடிந்து நாற்காலிக்குத் திரும்பினால், மண்டியின் கோப்பு என் மேசையில் இருக்கிறது.

"தேங்குனதைப் பாத்துட்டு சும்மா போகாதே" என்பார் அக்கா. துடைப்பத்தோடு மாடிக்குப் போகும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. இப்போது அவருடைய கோபமும் என்னிடம் இருக்கிறது. அதை ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

வேலை போகலாம். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை எழுதிக் கையெழுத்திடப் போகிறேன்: சுவர் உறுதியாக இருக்கிறது, கொத்தி எடுக்க வேண்டியது மேலே பூசிய சிமெண்ட் மட்டும்தான்.