இல்லாத கன்றும் என் முழங்காலும்

மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, ஊசி மருந்தெல்லாம் தீர்ந்து, இனி ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை போட்டால் போதும் என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா சொன்னபோது, இவ்வளவுதானா என்று சிரித்தேன். ஹார்மோனை அடக்கும் மாத்திரையாம். அது என்னையும் சேர்த்து அடக்கிவிட்டது. மூன்றாம் மாதமே காலையில் விரல் மடங்காது, முழங்கால் நீளாது. நாற்பத்தெட்டு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"மாத்திரையாலதாம்மா வலி. ஆனா நிறுத்திடாதீங்க, நோய் திரும்பி வரக்கூடாதுன்னுதான் குடுக்கறோம். தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்கு வந்ததே கோபம். மஞ்சூர்ப் பக்கத்து மேட்டிலும் பள்ளத்திலும் ஆயுசெல்லாம் நடந்தவளிடமா நடக்கச் சொல்வது? ஆனால் அது தேயிலை விலை விழுந்துபோன காலம். இலையைப் பறிக்கும் கூலிக்கே கட்டாமல், எங்கள் அரை ஏக்கரை அப்படியே விட்டிருந்தோம். நடந்து போக ஒரு வேலையும் இல்லை.

எங்கள் ஊரில் வேலையில்லாமல் நடப்பது லேசில்லை. முதல் நாளே ஐந்து பேர் நிறுத்தி, "எங்கீங்க இந்நேரத்துல?" என்றார்கள். மார்பு என்று சொல்ல வெட்கப்பட்டு, கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருந்தேன். இப்போதும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"தங்கச்சி ஊட்டுக் கன்னுங்க. நேத்துத்தான் ஓட்டிட்டு வந்தோம், கயித்த அறுத்துட்டு ஓடிப்போச்சு."

நல்ல பொய்தான். பறிக்காமல் விட்ட தேயிலை ஆளுயரம் வளர்ந்து கிடந்தது. அதற்குள் நாலு கன்று நின்றாலும் தெரியாது.

நான்கு நாள் நடந்தும் வலி ஒரு மண்ணும் குறையவில்லை. ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. நடையை மட்டும் நிறுத்த முடியவில்லை. கன்று கிடைத்துவிட்டதா என்று கேட்பார்களே.

ஊரில் ஆண்களும் வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களும் தேடக் கிளம்பிவிட்டார்கள். டீக்கடையில் என் வீட்டுக்காரரை மடக்கிக் கேட்க, அந்த மனுஷன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "செவலைங்க, நெத்தியில வெள்ளை" என்று அடையாளம் வேறு சொல்லிவிட்டு வந்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம். நாளைக்குச் சோலைக்காட்டுக்குள் இறங்கிப் பார்க்கிறேன் என்று பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் வந்து சொன்னதும் சிரிப்பு நின்றது. சோலைக்குள் காட்டெருமை உண்டு.

அன்று மாலையே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கன்று இல்லை என்றேன். கர்ப்பப்பை இல்லை, மார்பு என்றேன். கோபத்தில் அவள் எனக்கே அக்கா. அடிக்க வருவாள் என்று நினைத்தேன். அவள் கன்றைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"மாத்திர போடறீங்களா அம்மிணி?"

"நிறுத்தி ஆறு நாளாச்சுங்க்கா. வலி தாங்கல."

"வலிச்சா எங்கிட்ட வந்து அழுவுங்க. நீங்க போயிட்டா நான் யாருகிட்டப் போயி அழுவறது?"

என்னைவிட்டால் எனக்காகப் பயப்பட ஆளில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க என் கட்டைவிரலுக்கு வலுவில்லை. அவளே பிதுக்கிக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, நான் விழுங்கும்வரை நின்றாள். வலியைச் சொல்லி வேறு மாத்திரை கேட்கலாம், டாக்டரிடம் நானும் வருகிறேன் என்றாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"எங்க ஊட்டுக்காரர சோலைக்குப் போக வேண்டாம்னு சொல்லிடறேன். காலைல எத்தன மணிக்கு நடக்கறீங்க? நானும் வாரேன். எங்கேன்னு கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

ஐந்து வருடமும் அவள்தான் பதில் சொன்னாள்.