எனக்காக வாங்கி வைத்த தண்ணீர்

"அடுத்த காம்பிராவுல தேத்தண்ணி குடுத்தாலே வேணாங்கிற புள்ள, நீ எப்புடி அறியாத சனத்தோட போயி இருக்கப் போற?"

போன வருடம், இலங்கையின் மலைநாட்டிலிருந்து நான் பெங்களூருக்குப் புறப்பட்ட காலையில், எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், அடுத்த காம்பிராவில் இருக்கும் மாமி கேட்ட கேள்வி இது. என் பெட்டியின் மேல் உட்கார்ந்து அமுக்கி, ஜிப்பை மூட உதவிக்கொண்டே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மாமி சொன்னது பொய்யில்லை. அவர் வீட்டுக் கோப்பைகளில் எப்போதும் அடுப்புப் புகை வாசம் இருக்கும். ஒன்றுக்கு விளிம்பு உடைந்திருக்கும். பெரிய பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து நான் அங்கே எதுவும் குடிப்பதில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை எழுதித் தேறிய முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சுத்தம் பார்ப்பதும் படிப்போடு சேர்ந்ததுதான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் இளவயதினரை ஒரு வருடம் வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்புவார்கள். எனக்கு பெங்களூர் கிடைத்தது. விவேக் நகரில் ஒரு சிறிய அறை. கூட இருந்தவள் மிசோரம் பெண். விடியுமுன் ஜெபம், முறை வைத்துச் சமையல், பிறகு பஸ், வெயில், படிக்கட்டுகள். எங்கே போனாலும் இருவரும் சேர்ந்தேதான் போக வேண்டும். பால் பாக்கெட் வாங்கக்கூட ஒருத்தி தனியாகப் போகக் கூடாது. வீட்டுக்குப் போன் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

என் தமிழைக் கேட்டதும் ஜனங்கள் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறப்பார்கள். "சிலோனா நீங்க? டிவில நியூஸ் படிக்கிறா மாதிரியே பேசுறீங்களே" என்பார்கள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வந்த புதிதில், வெளியிடங்களில் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருங்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் என் பையில் எப்போதும் ஒரு நீல பாட்டில் இருக்கும்.

தொம்மலூரில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்று ஒரு பெரிய அபார்ட்மென்டில் இருக்கிறது. ஒருநாள் நல்ல வெயிலில் அங்கே போயிருந்தோம். சமையலறையில் வேலை செய்யும் அம்மா எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தார். இரண்டு டம்ளர் குடித்தேன். நாங்கள் கிளம்பியபோது அவர் ஈரக் கையைத் துடைத்தபடி லிஃப்ட் வரை பின்னால் வந்தார்.

"சிஸ்டர், என் பொண்ணு டென்த்து. எல்லாத்துலயும் பாஸ், இந்த இங்கிலீஷ்தான் ஒதைக்குது. சொல்ப, கொஞ்சூண்டு சொல்லிக் குடுக்கறீங்களா? ஜெபம் கிபம் பண்ணிக்கினாலும் பரவால்ல."

அவர் வீடு பழைய தொம்மலூரின் உள்சந்தில் இருந்தது. சந்தின் பின்னால் கண்ணாடி ஆபீஸ் கட்டடங்கள். முன்னறை, அதை ஒட்டி ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் தண்ணீர் டிரம். சுவரில் நீலக் கோட்டு அணிந்த தலைவரின் படம், பக்கத்தில் புத்தர். எங்கள் நாட்டில் புத்தரை நான் தமிழர் வீட்டில் பார்த்ததில்லை. ஆச்சரியமாகக் கேட்டேன். அவர் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். புத்தர் அப்போதிலிருந்தே வீட்டில் இருக்கிறாராம்.

முதல் நாள் அவர் இரண்டு சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் சிரித்துக்கொண்டே பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்துக் காட்டினேன். மிசோரம் பெண் தன் டம்ளரைக் குடித்துவிட்டு, வீணாகப் போகக் கூடாதென்று என்னுடையதையும் குடித்தாள். அடுத்த வாரமும் இதுவேதான் நடந்தது. அதற்கடுத்த முறை போனபோது, மேசைமேல் எனக்காகக் கடையில் வாங்கிய, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் இருந்தது.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சபையில் சாட்சி சொன்னபோது இதையும் சொன்னேன். எளிய குடும்பம், ஆனால் என் தேவையை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார்கள் பாருங்கள் என்று.

மகள் ஆங்கிலத்தில் வேகமாக முன்னேறினாள். அவள் அம்மாவுக்கும் எங்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. சந்துப் பெண்களை ஒரு சனிக்கிழமை தன் வீட்டுக்கு அழைப்பதாகவும், நாங்கள் வந்து பேசலாம் என்றும் சொன்னார். அந்தச் சந்தில் எங்களுக்கென்று ஒரு வீடு திறப்பது அதுதான் முதல் முறை. அன்றைக்கு எந்தக் கதை சொல்வது என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். ஊரார் ஒதுக்கிய ஒரு பெண்ணிடம், கிணற்றடியில், எங்கள் ஆண்டவரே குடிக்கத் தண்ணீர் கேட்ட கதை. நான் நன்றாகச் சொல்லும் கதை அது.

அதையே எளிய ஆங்கிலத்தில் எழுதி, அந்த வீட்டு மகளுக்கு வாசிக்கவும் கொடுத்தேன். அவள் தடுமாறாமல் வாசித்து முடித்தாள்.

"அக்கா, அவரு ஏன் அந்தம்மாகிட்ட தண்ணி கேட்டாரு? பாட்டில் எடுத்துக்கினு வரலியா?"

எல்லோரும் சிரித்தோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் அம்மாவும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைக் கேட்டாள். பாடத்தில் சந்தேகம் கேட்கும் அதே முகம்தான்.

"உங்க ஊர்லயும் எங்க ஆளுங்க வீட்ல குடிக்க மாட்டாங்களாக்கா?"

எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

"அன்னிக்கி ஆன்ட்டி வீட்ல ரெண்டு டம்ளர் ஜூஸ் குடிச்சீங்களாமே. எங்கம்மா போட்டதுதான். அது ஒத்துக்கிச்சா?"

"ஏய், வாய மூடுடி" என்றார் அவள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார். "அது அப்டித்தான் சிஸ்டர், வாய் நீளம். நீங்க மனசுல வெச்சிக்காதீங்க. கோலார்லயே நாங்க இதெல்லாம் பாத்தவங்கதான். நீங்களாச்சும் சிரிச்சிக்கினே வேணாங்கறீங்க."

நானும் கூலிக்காரர் வீட்டுப் பெண்தான், எங்கள் ஆட்களையும் வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் என் குற்றம் குறையாது, கூடும்.

அந்த அபார்ட்மென்டில் இது எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவே இல்லை. வழவழப்பான தரையையும் கண்ணாடி டம்ளரையும் பார்த்தேன், குடித்தேன். இங்கே கூரையையும் டிரம்மையும் பார்த்தேன், பாட்டிலை எடுத்தேன். இரண்டு இடத்திலும் டம்ளரை நீட்டியது ஒரே கை. வந்த புதிதில் கேட்ட எச்சரிக்கை எனக்கு இந்த வீட்டில் மட்டும்தான் ஞாபகம் வந்திருக்கிறது. சாதி என் மனதில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அறிந்த, தீட்டு பார்க்கும் நடத்தைக்கும் என்னுடையதற்கும் அவள் பார்வையில் என்ன வித்தியாசம் இருந்திருக்க முடியும்?

அன்று திரும்பும்போது பஸ்ஸில் மிசோரம் பெண் என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்கும் அவளுக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி அந்த வீட்டுக் கதவு திறக்காது என்று நினைத்தேன். ஆனால் சொன்ன சனிக்கிழமை, சொன்னபடியே, சந்துப் பெண்கள் முன்னறை நிறைய வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நீல பாட்டிலை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். தாகம் பொய்யாக இருக்கக் கூடாதென்று காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. இப்போது நினைத்தால் அதுவும் ஒரு நாடகம்தான்.

எல்லோருக்கும் தட்டில் டம்ளர் வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்த அந்த அம்மா, என்னருகில் வந்ததும் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அக்கா, எனக்கும் குடிக்கத் தண்ணி தாங்க" என்றேன்.

முதல் முறையாக அவரை அக்கா என்று கூப்பிட்டது எனக்கே வினோதமாகக் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது. "இருங்க சிஸ்டர்" என்று சமையலறைக்குள் போனார். கடை பாட்டிலின் மூடி கிரிச்சென்று திறக்கும் சத்தம் வெளியே கேட்டது. அந்தத் தண்ணீரை ஒரு சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

சந்துப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடைத் தண்ணீர் வேண்டாம், உங்கள் வீட்டுத் தண்ணீர் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? எனக்கு எது பிடிக்கும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். குடித்தேன். அந்தக் கதையை அன்று நான் சொல்லவில்லை. அவர் மகளைத் தமிழில் சொல்லச் சொல்லிவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

இன்னும் அந்த வீட்டுக்குப் போகிறேன். பாட்டில் வேண்டாம் என்று ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டேன். சரி என்றார், ஆனாலும் அலமாரியில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடைகளில் யாராவது பாட்டில் மூடியைத் திருகும் சத்தம் கேட்டால், இப்போதும் என் முகம் சூடாகிறது. ஒரு வீட்டில் எதையும் வாங்கிக் குடிக்காமல், அந்த வீட்டுக்கு எதையும் கொடுத்துவிட முடியாது என்பதைப் பரீட்சையெல்லாம் தேறிய பிறகு, அதுவும் ஒரு சின்னப் பெண் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் ஊர் திரும்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசி முடித்ததும், போனை அடுத்த வீட்டு மாமியிடம் கொடுக்கச் சொன்னேன். வந்து இறங்கியதும் முதல் தேத்தண்ணி உங்கள் வீட்டில்தான், அந்த விளிம்பு உடைந்த கோப்பையில் தந்தாலும் சரி என்றேன். மாமி அதற்கு, "சீனி எத்தன கரண்டி போடுவ? எனக்குத் தெரியாதே" என்றார்.

இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.