கணவாய் வரை சுமந்த தண்ணீர்

மகளோடு பெருவுக்குப் போய் மலை ஏறப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நோர்வேயில், ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் வீடு நான்காம் மாடியில். லிஃப்ட் பழுதானால் கடைக்குப் போவதையே மறுநாளைக்குத் தள்ளிப்போடுகிறவள் நான். அப்படிப்பட்டவள் நான்கு நாள் நடந்து இன்கா மக்களின் பழைய நகரத்தைப் பார்க்கப் போகிறாளாம். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரி என்றார்.

ஆசை என்னுடையதில்லை, மகளுடையது. ஏழாம் வகுப்பில் இன்காக்களின் கல் பாதைகளைப் பற்றி ஏதோ எழுதிப் பாராட்டு வாங்கினாள். அன்றிலிருந்து அந்த மலை நகரத்தின் படம் அவளுடைய கட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்தது. பாடசாலையில் ஸ்பானிய மொழி எடுத்ததும் அதற்காகத்தான். கோடை விடுமுறைகளில் வேலை செய்து பயணத்துக்கும் தானே சேர்த்தாள். பத்தொன்பது வயதில் போகிறேன் என்று வந்து நின்றபோது தகப்பன் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பெண்பிள்ளையைத் தனியாக விடமாட்டார்.

மூன்று நாள் வீட்டில் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. நான்காம் நாள் சோற்றுக் கோப்பையை வைத்தபடி, நான் கூடப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சம்மதித்ததற்கு ஒரே காரணம், நடைப் பயிற்சியை இரண்டாம் கிழமையே நான் கைவிட்டுவிடுவேன் என்ற நம்பிக்கை. ஆனாலும் மகளிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். அம்மாவை விட்டு ஓரடியும் முன்னுக்குப் போகக்கூடாது. அம்மா திரும்பினால் நீயும் திரும்ப வேண்டும். அவள் ஓம் என்றாள். எங்கள் வீட்டில் வாக்கென்றால் வாக்குத்தான். ஆகவே என் இரண்டு முழங்கால்களில்தான் அவளுடைய பயணம் நின்றது.

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். மறுநாளே தொடங்கினேன். வேலைக்குப் போகுமுன் எங்கள் கட்டிடப் படிகளில் பத்துத் தரம் ஏறி இறங்கினேன். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, சாவியைத் தொலைத்துவிட்டேனா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு பக்கத்துக் காட்டுக்குள் நடந்தேன். எழுபது வயது நோர்வேக் கிழவிகள் இரண்டு கையிலும் தடி ஊன்றிக்கொண்டு, 'ஹெய்' சொல்லி என்னைத் தாண்டிப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாசி மாதப் பனியில் ஒருநாள் ஒரு கிழவியை நான் தாண்டினேன். அவர் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்திருந்தார், அது வேறு கதை.

இந்த நடைகளுக்கெல்லாம் மகள் என் பையில் இரண்டு லீற்றர் தண்ணீர் வைத்துவிடுவாள். நான் அதை அப்படியே சுமந்துபோய், அப்படியே சுமந்துவந்து, யன்னலோரம் இருந்த கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றிவிடுவேன். ஒஸ்லோக் குளிரில் கறிவேப்பிலை எப்படி இவ்வளவு செழிப்பாக நிற்கிறது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கைராசி என்பேன்.

வீட்டை விட்டு வெளிக்கிட்டால் தண்ணீர் குடிப்பதில்லை. அது என் பழக்கம். புருசெத்திலிருந்து நகரத்துக்கு ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது. அதற்குக்கூடக் காலையில் தேநீர் குடிக்காமல்தான் போவேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் வேலை செய்தது ஒரு முதியோர் இல்லத்தில். ஒவ்வொருவரும் எத்தனை குவளை தண்ணீர் குடித்தார்கள் என்று தாளில் குறிப்பது என் வேலை. குடிக்காவிட்டால் தலை சுற்றும், விழுந்துவிடுவீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்லுகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

வைகாசியில் போனோம். முதலில் இரண்டு நாள் உயரம் பழகுவதற்காகக் குஸ்கோ நகரத்தில் தங்கினோம். அங்கே விடுதி அறையில் கழிப்பறை இருந்தது, நானும் மனிசியாகக் குடித்தேன். மூன்றாம் நாள் நடை தொடங்கியது. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க அந்த ஊர்க்காரர். கூடாரங்களையும் சமையல் பானைகளையும் சுமைகாரர்கள் முதுகில் கட்டிக்கொண்டு, பழைய ரயரில் வெட்டிய செருப்போடு எங்களைத் தாண்டி ஓடினார்கள். காலையில் வழிகாட்டி எல்லோருக்கும் ஒரே விதியைச் சொன்னார். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லீற்றர். வழியில் கழிப்பறை எங்கே என்று யாரோ கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு கையை அகல விரித்து மலையைக் காட்டினார்.

நான் என் போத்தலின் மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் வைத்தேன்.

நடையின் முதல் நாள் சமாளித்தேன். பின்னேரம் முகாமுக்குக் கிட்ட வரும்போது ஒரு கல்லுக்குப் பின்னால் போய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். வெறும் போத்தலைக் கண்டு மகள் என் முதுகில் தட்டினாள். பொய் சொல்லாமலே பொய் சொல்லிவிட்டேன் என்று அப்போதே நெஞ்சு குத்தியது. குத்தினாலும் இராச்சாப்பாட்டுக்கு இரண்டு மிடறு சூப்போடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள்தான் கடுமையான ஏற்றம். நாலாயிரத்து இருநூறு மீற்றர் உயரத்தில் ஒரு கணவாய். அதற்கு இறந்த பெண்ணின் கணவாய் என்று பெயர். பெயர் வைத்தவன் என்னை முன்கூட்டியே பார்த்திருக்கிறான் என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பத்து மணிக்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை. இரண்டு கன்னப்பொறியிலும் அம்மிக்குழவி உருண்டது. நூறு படி ஏறுவேன், நிற்பேன். பிறகு ஐம்பது. பிறகு பத்து. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதுகில் இரண்டு லீற்றர் தண்ணீர் தளும்பும் சத்தம் ஒவ்வொரு படியிலும் எனக்குக் கேட்டது.

கணவாய்க்கு முன்னால் கடைசியாக ஒரு புல்வெளி இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் வாந்தி எடுத்தேன். வழிகாட்டி என் நகத்தை அமுக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். ஒரு ஆம்பிளைக்கு வேறென்ன சொல்ல முடியும்? அவர் மகளிடம் ஸ்பானிய மொழியில் கதைத்தார். அவளுடைய முகம் மாறுவதைப் பார்த்தேன். கணவாயைத் தாண்டினால் சுலபமாகத் திரும்ப வழியில்லையாம். குடித்தும் இப்படி என்றால் இது உயரத்தால் வருகிற நோய், ஒரு சுமைகாரரோடு இப்போதே கீழே இறங்க வேண்டும்.

மகள் அழவில்லை, வாதாடவும் இல்லை. தன்னுடைய தொப்பியைக் கழற்றி மடித்தாள். பிறகு, இறங்கும்போது எனக்குச் சுமை வேண்டாம் என்று என் முதுகுப்பையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பையைத் திறந்து போத்தல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். இரண்டும் மூடி வரைக்கும் நிறைந்திருந்தன.

"காலமையிலயிருந்து எத்தினை தரம் கேட்டனான், அம்மா. ஏன் குடிக்கேல்லை?"

அவளுடைய குரலில் இருந்த கோபம் எனக்கு வேண்டியதுதான். இருபது வருடமாக யாருக்கும் சொல்லாததை, இவளுடைய தகப்பனுக்கும் சொல்லாததை, வாந்தி மணத்த வாயால் அந்தப் புல்லில் இருந்தபடி சொன்னேன். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று பஸ்ஸை ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை வெயிலில் வரிசை. எனக்கு அவசரம். முட்டியது. கடைசியில் துப்பாக்கியோடு நின்ற ஒருவனிடம் கையால் காட்டிக் கேட்டேன். அவன் மற்றவர்களையும் கூப்பிட்டு, எல்லோருக்கும் நடுவில் இருந்த வெறும் நிலத்தைக் காட்டி, அங்கேயே குந்து என்றான். சிரித்தார்கள். நான் போகவில்லை. நின்ற இடத்திலேயே, வரிசையிலேயே, சேலையோடு போய்விட்டது. அப்படியே பஸ்ஸில் ஏறி, அப்படியே கொழும்பு வரைக்கும் வந்தேன். அன்றைக்குப் பிறகு நான் வெளிக்கிட்டால் குடிப்பதில்லை.

மகள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. எழுந்துபோய் வழிகாட்டியோடு கதைத்தாள். கை ஆட்டி ஆட்டிக் கதைத்தாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னாள். ஒரு மணித்தியாலம் தந்திருக்கிறார். உப்புத்தூள் கலந்து மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும். தலையிடி குறைய வேண்டும். உள்ளே போனது வெளியேயும் போக வேண்டும். போனால் ஏறலாம், போகாவிட்டால் இறக்கம். எதற்குப் பயந்து இவ்வளவு காலம் வாயைக் கட்டினேனோ, அதுதான் இப்போது சோதனை.

சுற்றிப் பார்த்தேன். ஒரு பற்றை இல்லை. மொட்டைப் புல்வெளி. நான்கைந்து குழுக்கள், சுமைகாரர்கள், மேய்கிற இரண்டு லாமாக்கள். மகள் தன் பையிலிருந்து சிவப்பு மழைச்சட்டையை உருவி எடுத்தாள். பெரிய போர்வை மாதிரியான ஒன்று.

"குடியுங்கோ. நான் மறைச்சுப் பிடிக்கிறன். ஒருத்தரும் பாக்கமாட்டினம், நானும் பாக்கமாட்டன்."

குடித்தேன். முதல் மிடறு திரும்பி வரப் பார்த்தது. வராதே என்று அதற்குக் கட்டளை போட்டேன். இன்னொரு மிடறு. இந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற படத்தை என் வெட்கம் கிழிக்க விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன். முக்கால் மணித்தியாலத்தில் ஒரு போத்தல் முடிந்தது. அம்மிக்குழவி கொஞ்சம் மெதுவாக உருண்டது. பிறகு, எனக்கு வந்தது.

ஒரு சரிவுக்குப் போனோம். அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் உயர விரித்துச் சிவப்புச் சட்டையைப் பிடித்தாள். காற்று அதைப் பறிக்கப் பார்த்தது. விடவில்லை. நான் எழும்பி வரும் வரைக்கும் அவள் கைகளைக் கீழே இறக்கவில்லை. வழிகாட்டி தூரத்தில் இருந்து பார்த்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், மேலே போகும் பாதையைக் கையால் காட்டினார். எல்லோருக்கும் கடைசியாகக் கணவாய்க்கு ஏறினேன். அங்கே எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

மூன்றாம் நாள் முழுக்க நான் குடித்தேன், அவள் பிடித்தாள். ஒவ்வொரு வளைவிலும் சிவப்புச் சட்டை எழும்பியது. இன்காக்கள் கட்டிய படிகளையும் சுவர்களையும் பற்றி அவள் எனக்கு விளக்கிச் சொன்னாள். பாதி விளங்கியது. முழங்கால் அழுதது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசி நாள் விடியப்புறம், பழைய நகரத்துக்குப் போகும் பாதையில் ஒரு சாவடி. படலை பூட்டியிருந்தது. வெளிச்சம் வந்த பிறகுதான் திறப்பார்களாம். முன்னும் பின்னும் சனம், கையில் கடவுச்சீட்டு. சீருடை போட்ட ஒருவர் வரிசையோரம் நடந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பாவம், தன் வேலையைச் செய்தார். என் கால்கள் மட்டும் அதை நம்பவில்லை. ஓரடி பின்னுக்கு வைத்தேன். மகளும் அதைக் கண்டுவிட்டாள்.

நான் பையிலிருந்து போத்தலை எடுத்தேன். சீருடைக்காரர் எனக்கு நேரே வந்து நின்று கடவுச்சீட்டைக் கேட்டார். அதை ஒரு கையால் நீட்டிக்கொண்டு, மற்றக் கையால், அவருடைய கண்ணுக்கு முன்னால், வாய் நிறையக் குடித்தேன். கழுத்தால் வழிந்து சட்டை நனைந்தது. அவர் பெயரைச் சரிபார்த்து, கடவுச்சீட்டைத் திருப்பித் தந்து, அடுத்தவரிடம் போனார். நான் நிறுத்தவில்லை. அரைப் போத்தல் முடியும் வரைக்கும் குடித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். மகள் சிவப்புச் சட்டையை ஏற்கெனவே வெளியே எடுத்துத் தோளில் போட்டிருந்தாள். படலை திறந்தது. "நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ அம்மா" என்றாள்.